தெரியலைங்க என்ற டாக்டரம்மா

என் மகளுக்கு ஆறு வயதில் இடது தாடை வீங்கியது. வலியில்லை. சொத்தைப்பல்லாக இருக்கும் என்றுதான் அருவங்காட்டிலிருந்து பஸ் ஏறி, குன்னூரில் அந்தப் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஒல்லியான உருவம், புடவைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர். குழந்தையைத் தொடும் முன் உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொள்வார்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தாடை எலும்புக்குள் தேன்கூடு மாதிரி ஓட்டைகள்.

"கேன்சருங்களா டாக்டர்?"

"தெரியலைங்க. படத்த மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் நீங்களா எதையும் முடிவு பண்ணிக்காதீங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது. மகள் பன் கடிக்கும்போதெல்லாம் நானும் மனைவியும் அவள் தாடையையே பார்த்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயமாக இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நாங்கள் படியேறும் வரைகூடப் பொறுக்கவில்லை.

"கேன்சர் இல்லீங்க! குழந்தைங்களுக்கு அபூர்வமா வர்ற சாதாக் கட்டிதான். ஆபரேஷன்ல சுரண்டி எடுத்துட்டாச் சரியாயிரும்."

மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"ரொம்பப் பயந்துட்டோமுங்க" என்றேன்.

"நானுந்தானுங்க. இதுக்கு முன்னாடி ஒரு குழந்தை..." என்றவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மகளுக்கு இப்போது கல்யாண வயது. அந்த இன்னொரு குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு அன்றும் தைரியம் வரவில்லை, அப்புறமும் வரவில்லை.