பதினான்கு நாள் விதி

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எங்கள் கட்சிக் கிளையின் ஆண்டுக் கூட்டம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் பொருந்தும்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்து, தேர்தலை நடத்திக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கட்சியின் சட்டவிதிகள் மனப்பாடம். எந்தப் பதவிக்கும் நிற்காதவன். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. இருவருமே காண்டிராக்டர்கள். ஆளுக்கு இரண்டு ஃபேக்டரி பஸ் பிடித்து, காப்பாரிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் உறுப்பினர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பிரியாணிப் பொட்டலமும் தனித்தனி. இரண்டு அணிக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் கோழி, இந்தப் பக்கம் ஆடு என்றார்.

வாக்குச்சீட்டு கொடுக்கப் போகும் நேரத்தில் சுப்பையா எழுந்தார். லோரி ஓட்டி ஓய்ந்தவர்; பழைய உறுப்பினர். கையில் ஒரு தாள்.

அவருடைய அக்கா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே கிழவியானவர். பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். அதாவது, பிறந்த மண்ணில் தங்க அனுமதி உண்டு, குடியுரிமை கிடையாது. இப்போது படுத்த படுக்கை. சாவதற்குள் குடிமக்களுக்கான நீல அட்டையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று ஒரே ஆசை. அவரைப் போன்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க, கிளை வாரம் ஒரு நாள் தோட்டங்களுக்குப் போக வேண்டும் - இதுதான் சுப்பையாவின் தீர்மானம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. எப்போது கொடுத்தீர்கள்?

“பதிமூணு நாளைக்கு முன்னால சார். பதினாலாவது நாளே போனேன். செயலாளர் கல்யாணத்துக்கு ஜோகூர் போயிட்டாரு. வீடு பூட்டியிருந்துச்சு.”

கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. தீர்மானம் தள்ளுபடி என்று அறிவித்தேன். அன்றைக்கு இரண்டு அணிகளும் சேர்ந்து கைதட்டியது அதற்கு மட்டும்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

“உக்காருங்கலா அண்ணே, பிரியாணி ஆறுது.”

உட்கார்ந்துவிட்டார். தேர்தல் நடந்தது. ஆட்டுக்கறி ஜெயித்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கட்சிக் கிளை. அரசாங்க உத்தியோகம், மேலே போக எனக்குப் பயம். கையில் டீயை வைத்துக்கொண்டு மாடிப்படி ஓரமாக நின்று கேட்பேன். என்ன சண்டை தெரியுமா? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்களே, தொழிலாளிகள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்குவதா, அரசாங்கத்திடம் நிலம் கேட்டுப் போராடுவதா? இதற்காக ஒரு வாத்தியாரும் ஒரு ரயில்வே ஃபிட்டரும் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறி - பேசாமலேதான் - தோட்டத்துக்குப் போய் மனு எழுதிவிட்டு வருவார்கள்.

அந்த மாடியில் சொல்ல வேண்டும் என்று எத்தனை வாக்கியங்களை நான் மனத்துக்குள் தயாரித்தேன்... ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக உறுப்பினரானேன். வந்து பார்த்தால், சண்டை இருக்கிறது. எதற்காக என்பதுதான் இல்லை.

கட்சிக்குக் கொள்கை எதற்கு, காரியம் நடந்தால் போதாதா என்கிறார்கள். யாருடைய காரியம்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாள் விதிக்கு அடுத்த வரியிலேயே, தலைமை வகிப்பவர் அனுமதித்தால் அவசரத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அந்த வரியும் எனக்கு மனப்பாடம். புழுக்கம், கூச்சல்... சீக்கிரம் முடிந்தால் சரி என்று விழுங்கிவிட்டேன். உறுப்பினராகி இருபது வருடம் நான் காத்திருந்த பேச்சு, ஒரு தாளோடு எழுந்து நின்றது. நான் தேதி கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை சுப்பையா வீட்டுக்குப் போனேன். சிறப்புக் கூட்டம் கோரும் கடிதத்தை, விதி எண்ணெல்லாம் போட்டு டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் படிக்கக்கூட இல்லை.

“அது இருக்கட்டும் சார். அக்காவுக்கு மனு மட்டும் நீங்க எழுதிக் குடுங்க.”

எழுத உட்கார்ந்தேன். உள் அறையிலிருந்து இருமல் கேட்டது. சுப்பையா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கூட்டத்துல என்ன சொன்னாங்கன்னு அக்கா கேட்டுச்சு சார்.”

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

“தேர்தல் நல்லா நடந்துச்சுன்னு சொல்லிட்டேன்.”

உண்மைதான். ஒரு செல்லாத ஓட்டுகூட இல்லை.