யாரோ ஒருவருடைய மூச்சு

கைக்குள் அடங்கும் சின்னக் கருவி அது. முன்னால் ஒரு குழாய், பக்கத்தில் இலக்கம் காட்டும் கண்ணாடி. சென்னையில் நுரையீரல் மாற்றி அனுப்பும்போது, தினமும் காலையில் இதில் ஊதிப் பார்க்கவேண்டும் என்று மகளிடம் கொடுத்துவிட்டார்கள். கொழும்பில் வெள்ளவத்தைக்குத் திரும்பிய மறுநாள், எங்கள் ஃப்ளட்டின் பல்கனியில் கடலைப் பார்த்தபடி நின்று ஊதினாள். இலக்கம் ஏறியதும், "அப்பா, ஆரோ நல்லா ஓடித் திரிஞ்ச ஆள் போல கிடக்கு" என்று சிரித்தாள். மனைவி உள்ளே போய் அழுதாள். நான் கேட்காதவன்போல் நின்றேன். நுரையீரலைத் தந்துவிட்டுப் போன அந்த ஆள் யாரென்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லாமல் விட்டது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

சில வருடங்கள் நன்றாகப் போயின. ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் நடந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பிறகு இலக்கம் மெல்ல இறங்கியது. மழைக்காலம் என்றோம், சளி, தடிமன் என்றோம். மாடிப்படியின் நடுவில் நின்று பக்கத்து வீட்டு அன்ரியோடு நெடுநேரம் கதைத்துவிட்டு வருவாள். "அந்த மனிசியோட உனக்கு அப்பிடி என்ன கதை?" என்று கேட்டேன். "கதை ஒண்டுமில்லை அப்பா. அவ கதைச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வந்திடும்" என்றாள். அதற்கும் சிரித்தாள்.

புதிய நுரையீரலை வைத்துத் தைத்த இடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தது. சென்னைக்குப் போய் விரித்துவிட்டு வந்தோம். திரும்பவும் சுருங்கியது. அதையாவது விரிக்கலாம், உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள் தழும்பேறி அடைபட்டு வருவதைத் திருப்ப முடியாது என்றார் டொக்டர். வேளை தவறாமல் மருந்து குடித்தாள். ஆனாலும் அந்த நுரையீரல் தன்னுடையதல்ல என்பதை அவளுடைய உடம்பு மறக்கவில்லை.

போன மாதம் டொக்டர் வீடியோவில் வந்தார். இன்னொரு தடவை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் சென்னைக்கு வந்து காத்திருக்கவேண்டும், முடிவு மகளுடையது என்றார். அவள் வாய் திறக்க முன்னரே நான் "ஓம் டொக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு கேட்டாள்: "எதுக்கப்பா காத்திருக்கப் போறம்?"

"லங்ஸுக்குத்தான்."

"லங்ஸ் என்ன, கடையிலயோ வந்து இறங்குது?"

நான் எழும்பிப் போய் பல்கனிக் கதவைத் திறந்தேன்.

"போனமுறை சென்னையில அந்த வாடகை ரூமில, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாப் போதும், எழும்பி ஜன்னலடிக்குப் போவீங்கள். வெக்கையா இருக்கெண்டு அம்மாட்டச் சொல்லுவீங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் கிடந்தனான்."

வெக்கை என்றது பொய். சத்தம் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறதா என்று கேட்கத்தான் போவேன். திரும்பினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைச் சந்தோஷம் என்று சொல்ல நா கூசுகிறது; வேறு பெயரும் எனக்குத் தெரியவில்லை. மழை பெய்த நாட்களில், வீதி வழுக்குமே என்று கூட நினைத்திருக்கிறேன். எந்த வீட்டுப் பிள்ளை அப்போது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டதோ.

"மூஞ்சையைத் தொங்கப் போடாதேங்கோ. நானும் காது குடுத்துக்கொண்டுதான் கிடந்தனான்" என்றாள்.

கொஞ்சநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "போவம் அப்பா. எனக்கும் ஆசைதான். ஆனா நேர்த்தி மட்டும் வைக்காதேங்கோ. நீங்கள் கேட்டா, கடவுள் ஆரிட்டையாவது எடுத்துத்தானே தரவேணும்?"

தலையாட்டினேன். இனி வைக்கமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்தும் சொன்னேன்.

டொக்டர் கதைக்கப் போகிறார் என்று தெரிந்திருந்ததால், அன்று காலையே, அவள் எழும்ப முன், குளித்துவிட்டு மஞ்சள் துணியில் நேர்த்திக் காசை முடிந்து சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவிழ்க்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். இப்போது பயணப் பைகளும் கட்டியாயிற்று. இன்னும் அவிழ்க்கவில்லை.