ஆகாயத்தில் ஒரு பிரதட்சிணம்

அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டக் கற்ற என் கொழுந்தன், ரேணிகுண்டாவில் நண்பரின் விமானத்தில் என் நான்கு வயது மகனோடு திருமலையைச் சுற்றிவரத் தயாரானான். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்தது. மலையைத் தாண்டும் காற்று இந்தப் பக்கம் சரிந்து இறங்கி விமானத்தைக் கீழே அழுத்தும் என்று அங்கிருந்த மெக்கானிக் எச்சரித்தார்.

"தள்ளியே சுத்துங்க சார்."

"பிரதட்சிணம்னா ஒட்டித்தான் சுத்தணும். அண்ணி, நீங்க பயந்துக்கினே இருந்தா புள்ள எப்ப வளரும்?"

மறுத்தால் மாமியார் என்ன சொல்வாரோ என்று தயங்கினேன். ஆனாலும் மகனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. கொழுந்தன் தனியாகப் போய், கால் சுற்றிலேயே திரும்பினான். சட்டையெல்லாம் வாந்தி.

"மல கீழ இழுக்குது அண்ணி!"

கும்பிடப் போனவன் மலையையே குறை சொன்னான்.

"நான் எப்பம்மா போறது?" என்றான் மகன்.

"காத்து நின்னப்புறம். வேற யாராவது ஓட்டினா."