கிதாருக்குள் அறுந்த ஒயர்

என் தம்பி ஐடிஐ முடித்து, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிதில், மதுரையில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து பழைய எலக்ட்ரிக் கிதார் ஒன்றை வாங்கி வந்தான். எனக்காகத்தான் வாங்கினான். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். “பொம்பளப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு?” என்று கேட்ட அம்மாதான் பழைய ஜமுக்காளத்தை வெட்டி அதற்கு உறை தைத்தாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஆராதனைக்கு அதை வாசிப்பதென்று முடிவு செய்தோம். சாயங்காலம்தோறும் ஒத்திகை. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, ஒயர் சொருகும் சாக்கெட் ஆடுகிறதென்று தம்பி அதை மாற்றிக் கொடுத்தான்.

ஈஸ்டர் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் கிதார் இரையத் தொடங்கியது. வண்டுக்கூட்டம் புகுந்த மாதிரி ஒரு சத்தம். கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தினேன். அடங்கவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெபத்தை நிறுத்திய போதகர், “அதை அணைச்சு வைம்மா” என்றார். ஆராதனை முடியும்வரை ஊமைக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் எல்லோரும் நிற்கும்போதே தம்பியிடம் கத்தினேன். “நீ கை வச்சதுனாலதாம்ல இப்படி ஆச்சு. வேலை தெரியாதவன் எதுக்குலே தொடுத?”

அவன் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போனான். அதன்பின் நான் அந்தக் கிதாரைத் தொடவில்லை. கல்யாணம் ஆனது. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. கிதார் என் வீட்டு பீரோ மேல் ஏறி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

போன கோடை விடுமுறையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோதுதான் அதை இறக்கினேன். தினமும் லேப்பில் சால்டரிங் செய்கிற கை சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப்போட்டு பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டோடு இணைந்திருக்க வேண்டிய கறுப்பு எர்த் ஒயர் அறுந்து தொங்கியது. அது இருந்தால்தான் கம்பியில் கை பட்டதும் இரைச்சல் அடங்கும். பக்கத்தில் மரத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்.

கீறலைப் பார்த்ததும் நினைவு வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள், கம்பிகள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன என்று யாரிடமும் சொல்லாமல் நான்தான் இந்த மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை முறுக்கினேன். தம்பி வைத்த சாக்கெட்டைத் திறந்து பார்த்தேன். பற்றவைப்பு இன்னும் பளபளப்பாக, அசையாமல் இருந்தது. அதை அப்படியே திரும்ப மூடினேன்.

அந்த வாரம் முழுக்க வேலை செய்தேன். நைந்த ஒயர்களை மாற்றினேன். தேய்ந்துபோன வால்யூம், டோன் கண்ட்ரோல்களை எடுத்துவிட்டு நல்லதாகப் போட்டேன். கெப்பாசிட்டரை மாற்றினேன். வெளி இரைச்சல் புகாதபடி குழிக்குள் செம்புத்தாள் ஒட்டினேன். சாக்கெட்டை மட்டும் தொடவில்லை.

சனிக்கிழமை கிதாரை உறையோடு தூக்கிக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போக ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், “என்னக்கா, வீணையா?” என்றார். சும்மா தலையாட்டினேன்.

கிதாரைப் பார்த்ததும் தம்பி அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரை எடுத்து வந்தான். அவன் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். “ஏலே, அன்னைக்கு உன் சாக்கெட்டுல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் எர்த் ஒயர அத்துப்புட்டேன்.”

“தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“மறுநாளே தொறந்து பாத்தேன். ஸ்க்ரூடிரைவர் தடம் இருந்துச்சே.”

“பொறவு ஏம்ல சொல்லல?”

துணியை மடித்து வைத்தான். “எனக்கும் கோவந்தான். அம்புட்டு பேருக்கு முன்னால வேலை தெரியாதவன்னு சொல்லிட்ட. நீயா வந்து கேக்கட்டும்னு இருந்தேன். நீ கேக்கல. ஒயர ஒட்டிக் குடுத்திருந்தா நீ வாசிச்சிருப்ப. அதத்தான் இப்பவும் நெனச்சுக்கிடுவேன்.”

கிதாரை அவனிடம் நீட்டினேன். அவன் ஸ்விட்சைப் போட்டான். இரைச்சல் இல்லை. கம்பியில் விரல் வைத்து எடுத்து, மறுபடி வைத்து, வேலை தெரிந்தவன் சோதிப்பதுபோல் சோதித்தான். பிறகு, “நீ வாசி” என்றான்.

போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்த கிதாரின் பழைய குரல் போயிருந்தது. தடித்த கம்பி திடமாக, மெல்லிய கம்பி மணிபோல் ஒலித்தது. ஆனால் அந்த ஈஸ்டர் பாட்டின் பாதி எனக்கு மறந்துவிட்டது. விரல்நுனி எரிந்தது. மறந்த இடத்தில் தம்பி வாயால் ராகம் எடுத்துக் கொடுத்தான். ஒத்திகை நாட்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

சபையில் இப்போது கீபோர்டு இருக்கிறது. நான் அங்கே வாசிக்கப் போவதில்லை. லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் ராஜபாளையம் போகிறேன். போன தடவை, கம்பிகளுக்கு அடியில் சத்தத்தை வாங்குகிற பிக்கப்புகளில் நடுவில் இருப்பதில் சத்தம் கம்மியாக வருகிறதென்று அவன் சொன்னான். இல்லை என்றேன் நான். அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நாங்கள் அதைக் கழற்றிப் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.