மூன்று புள்ளி ஆறு

டிக்கிக்குள் தலையை விட்டு மூக்கால் இரண்டு இழுப்பு இழுக்கிறாள் யுன் அக்கா. விளக்கு, மீட்டர் எல்லாம் அப்புறம்தான். சப்-ஊஃபர் என்கிற அதிர்வு ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அந்தக் காயில், கருகியிருந்தால் காய்ந்த சட்டியில் பூண்டு தீய்ந்த வாடை வரும். வந்துவிட்டால், "தீஞ்சிருச்சு" என்று ஒரே சொல்லில் சேதி சொல்லிவிட்டு, வாயிலிருக்கும் உப்புப் பிளம் கொட்டையை மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொள்வாள். வண்டிக்காரன் முகம் தொங்கிப்போகும். அவள் ஆறுதல் சொல்லமாட்டாள்.

ஹூவே என்கிற ஊரில், சர்க்கரை ஆலைச் சாலை முனையில், வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் அவள் கடை. கோயில் ஊர்வல லாரி, டாக்ஸி, காய்கறி வேன் என்று எது வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். வருகிறவர்கள் புது ஸ்பீக்கரை அட்டைப்பெட்டியோடு தூக்கிவந்து, அதில் அச்சடித்திருக்கும் ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸைப் பெருமையாகத் தட்டிக் காட்டுவார்கள். "இது பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளை வீட்டுல சொன்ன சம்பளம். மாசாமாசம் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுவர்றான், அதச் சொல்லு" என்பாள். ஒரு நொடி தாங்குவது கணக்கில்லை, நாள் முழுக்கத் தாங்குவதுதான் கணக்கு என்பது அவள் கட்சி. பெட்டியைப் பிரித்து விரித்து மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்து சோறு சாப்பிடுவாள்.

சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் சின்னதாக இருந்தால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்றுதான் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். யுன்னுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சின்ன ஆம்பை வாங்கி, சத்தம் போதவில்லை என்று கெயின் திருகை ஒரே திருகாகத் திருகிவிடுவார்களாம். "அது கத்திக் கத்தித் தொண்டை கிழிஞ்சுபோவும். அந்தக் கிழிஞ்ச சத்தந்தான் காயில எரிக்குது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்டால்தானே. அதனால் இப்போதெல்லாம் அளவு வைத்து முடித்ததும் அந்தத் திருகின்மேல் சிவப்பு நகச்சாயம் ஒரு பொட்டு வைத்துவிடுகிறாள். பொட்டு உடைந்திருந்தால் குற்றவாளி யார் என்று கேட்க வேண்டியதில்லை.

பெங்கின் வேனில் பொட்டு உடையவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது.

பெங் கொய்யா மொத்த வியாபாரி, அறுபதைத் தாண்டியவர். அவர் மனைவி சூ-ச்சின் சனிக்கிழமைதோறும் தெருக்காரர்களோடு கரோக்கே பாடியவள். மைக்கைப் பிடித்தால் அடுத்தவருக்குத் தரமாட்டாள் என்று பெயர். போன வருஷம் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பாட்டுக் கேட்காது, உடம்பிலாவது படட்டுமே என்று அவள் இருக்கைக்கு அடியில் ஒரு சப்-ஊஃபர் வைத்துத் தரச் சொன்னார் பெங். வைத்த அன்றைக்கு அவள் இருக்கையைத் தடவித் தடவி அழுதாள். இப்போது ஒரு பாட்டு முடிவதற்குள் ஆம்ப் சூடேறி அணைந்துவிடுகிறது என்று அவளையும் கூட்டிக்கொண்டு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

இருக்கையை நகர்த்திப் பார்த்ததும் யுன்னுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஸ்பீக்கருக்குள் இரண்டு காயில். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் மின்தடை நாலு ஓம்; பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ஒரு ஓம். பெங்கின் ஆம்போ இரண்டுக்குக் கீழே போனால் தாங்காது. அவள் கொடுத்திருந்தது நாலு. யாரோ அதை அவிழ்த்து ஒரு ஓமாக மாற்றியிருந்தார்கள்.

யாரோ என்ன, பெங்தான். கோயில் வாசலில் எவனோ "உங்க வண்டியில நாலு ஓமா?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான்; மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. அவர்கள் பாஷையில் நாலும் சாவும் நாக்கில் ஒன்றாகவே விழுகிற ஊர் அது. ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடிக்கு மேல் ஐந்தாம் மாடிதான்.

"நாலு மேல அவள உக்கார வெப்பேனா தங்கச்சி? இப்பத்தான் பொழச்சு வந்திருக்கா" என்றார். "வேற வழியில்லைன்னா கழட்டிரு. பாட்டு வேணாம். அவ இருந்தாப் போதும்."

யுன் சிரிக்கவில்லை. அவள் கடை அலமாரியிலும் மூன்றுக்கு அடுத்த தட்டில் ஐந்து என்றுதான் எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த ஆம்புக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நாலை விட்டால் வேறு பொருத்தம் கிடையாது. சூ-ச்சின் இருவர் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, "என்ன சொல்றீங்க? கழட்டப் போறீங்களா?" என்று கேட்டாள். காது போன பிறகு அவள் எதையும் மெதுவாகச் சொல்வதில்லை. பெங் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யுன் கொட்டையைத் துப்பினாள். மண்டியிட்டு ஒயர்களைப் பழையபடியே இணைத்தாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து, எண் தெரிகிற பக்கத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். மூன்று புள்ளி ஆறு.

"பாருங்கண்ணே. இதுல நாலு எங்க இருக்கு?"

பெங் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். முனைகளை எடுத்து மறுபடி வைக்கச் சொல்லிப் பார்த்தார். "பின்ன எதுக்கு நாலுன்னு பேரு வெச்சான்?"

"அவன் வெளிநாட்டுக்காரன். ரவுண்டாச் சொல்லிட்டான். நம்ம கஷ்டம் அவனுக்கென்ன தெரியும்?"

மீட்டர் பொய் சொல்லவில்லை. பாட்டு ஓடும்போது அந்த எண் ஏறும், இறங்கும், நாலையும் தாண்டும் என்று யுன்னுக்குத் தெரியும். அதை அங்கே சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

யுன் இருக்கையைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்ததும் சூ-ச்சின் ஏறி உட்கார்ந்தாள். பெங் ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பாட்டைப் போட்டார். நம்பிக்கை வந்துவிட்ட மனுஷன். குமிழை முழுக்கத் திருப்பிவிட்டார். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. எதிரிலிருந்த சோயாப்பால் கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"குறைங்க, ஊரே பாக்குது" என்றாள் சூ-ச்சின், பாட்டைவிடப் பெரிய குரலில்.

அவர் குறைத்தார். பாட்டு ஒன்று முடிந்தது, ஆம்ப் அணையவில்லை. அடுத்தது தொடங்கியது. சூ-ச்சின் கண்ணை மூடிக்கொண்டாள். செருப்புக் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் உதடு அசைந்தது. பிறகு குரலே வந்துவிட்டது. சுருதி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

யுன் அதிர்கிற வேன் கூரையில் உள்ளங்கையை வைத்து, சூ-ச்சின் காலைப் பார்த்தாள். தாளம் தப்பவில்லை. கடைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. யுன் கையை எடுக்கவில்லை.