தோத்பெக்கின் எலும்பு

நரின் என்ற மலையூரின் சந்தையில் ஒரு வதந்தி. ஆஸ்பத்திரி ஆய்வகத்துப் புருலிடம் சிறுநீரைக் கொடுத்தால், நேற்று எந்த விருந்தில் எந்த எலும்பைக் கடித்தோம் என்பதுவரை சொல்லிவிடுவாளாம். விசாரித்துப் பார்த்ததில், அது பாதிதான் பொய்.

தோத்பெக் குதிரை மேய்ப்பவர். இடுப்பெலும்பு வேகமாகக் கரைகிறதென்று சோதனையில் தெரிந்தால், இந்தக் கோடையில் குதிரை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குதிரையில்லாமல் மலை மேய்ச்சலுக்குப் போவதா? அதற்கு வீட்டிலேயே முடங்கிக் கிடக்கலாம்.

எலும்பு கரைந்தால் அதன் கழிவு சிறுநீரில் இறங்கும். அதில் மருந்து சேர்த்தால் சோதனைக் குழாய் சிவக்கும். அவருடைய குழாயோ பீட்ரூட் சாறாகச் சிவந்தது. இவ்வளவு கரைந்தவர் மூன்று மாடி ஏறி வந்து மூச்சுகூட வாங்காமல் நிற்கிறாரே என்று புருலுக்கு உறுத்தியது.

"அண்ணே, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் சூப்பு."

"எலும்பு போட்டதா?"

"எலும்பு போடாததுக்குப் பேரு வெந்நீர்."

சோதனைக்கு ஆட்டெலும்பும் ஆளெலும்பும் ஒன்றுதான். மூன்று நாள் இறைச்சியும் சூப்பும் கூடாது, பிறகு புது மாதிரி தாருங்கள் என்றாள் புருல்.

இரண்டாம் நாள் ஊரில் ஒரு கல்யாணம். மூத்தவர் என்ற மரியாதையில் தோத்பெக்கின் முன்னால் மஜ்ஜை நிறைந்த கால் எலும்பை வைத்தார்கள். வேண்டாமென்றால் கல்யாண வீட்டாருக்கு அவமானம். சாப்பிட்டால் குதிரை போச்சு. எதிரே உட்கார்ந்திருந்த புருல் இமைக்காமல் பார்த்தாள்.

தன் பங்கை வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம்தான், தப்பில்லை. தோத்பெக் எலும்பைப் பையில் போட்டு அவளிடமே நீட்டினார்.

"நீயே வெச்சிரு தங்கச்சி. என் வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது."

பக்கத்திலிருந்த கிழவர் சிரித்தார். "பாருய்யா, ஆய்வகத்துக்கு லஞ்சம்!"

புது மாதிரியில் குழாய் லேசாகத்தான் சிவந்தது. குதிரை ஏறலாம் என்று டாக்டர் தலையாட்டினார். தோத்பெக் நேராகப் புருலிடம் வந்தார்.

"என் எலும்பு?"

புருல் குழாயைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சூப்பு வெச்சுட்டாரு அண்ணே. நான் சொல்லி வைக்கல."

"அப்ப அவரு சிறுநீரைச் சோதிச்சுப் பாரு. என் எலும்பு அதுல கிடக்கும்!"

"அடுத்த ஆடு வெட்டும்போது கால் உங்களுக்குத்தான்."

கோடை முழுக்க மேய்ச்சலில் இருந்துவிட்டு, இலையுதிர் காலத்தில் தோத்பெக் மலையிலிருந்து இறங்கினார். இப்போதெல்லாம் ஆய்வக ஜன்னலுக்குக் கீழே குதிரையை நிறுத்தி, மேலே பார்த்துத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டுகிறார். புருல் இன்னும் ஆடு வெட்டவில்லை.