காக்பிட் வாசலில் ஒரு ஃப்ளாஸ்க்

1. ஏணியின் உச்சியில்

திருவனந்தபுரத்திலிருந்து மெட்ராஸ் போக வேண்டிய விமானம் உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. என்ஜின் ஓடினால்தான் உள்ளே குளிர்காற்று வரும். என்ஜின் ஓடவில்லை. கோளாறு ஒன்றும் கிடையாது. எண்ணெய் நிரப்பியாயிற்று, பெட்டிகள் ஏற்றியாயிற்று, சங்குமுகம் கடல் பக்கம் வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. கேப்டனுக்கு யார் சாயா கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் தகராறு. அதற்காகத்தான் விமானம் நின்றது.

நான் ஏணியின் உச்சியில் ஃப்ளாஸ்க்கோடு நின்றேன். மக்களே, அப்பா கதை கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அன்று நம்ப முடியவில்லை. நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் ஆகிவிட்டீர்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

2. பீங்கான் தட்டும் அலுமினியப் பெட்டியும்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவன் நான். சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் கேட்டரிங்கில் லோடர் வேலை கிடைத்தது. தினக்கூலிதான். ஆனாலும் விமானத்துக்குள் போகிற வேலை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் க்ரூவுக்கான சாப்பாட்டை ட்ரேயில் அடுக்கச் சொன்னார்கள். கேப்டனுக்கும் கோ-பைலட்டுக்கும் பீங்கான் தட்டு, துணி நாப்கின். பர்சருக்கும் ஏர் ஹோஸ்டஸ்களுக்கும் அலுமினியப் பெட்டி. பர்சர் என்றால் விமானத்துக்குள் உபசரிக்கிறவர்களுக்குத் தலைவர். நான் நல்லது செய்வதாக நினைத்து எல்லோருக்கும் பீங்கான் தட்டு எடுத்து வைத்தேன். இரண்டு பைலட்டுகளுக்கும் ஒரே கோழிக்கறி வைத்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் குறுப்பு சார் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"எடா செல்லப்பா, நீ ரெண்டு பைலட்டையும் ஒரே நாள்ல கொல்லப் போறியா? ஒருத்தருக்குக் கோழி, ஒருத்தருக்கு மீன். ஒரு கறி கெட்டிருந்தாலும் மத்தவர் வண்டியை இறக்கணும்."

அது எனக்குப் புரிந்தது. நல்ல ஏற்பாடு என்றும் தோன்றியது. "தட்டு எதுக்கு சார் வேற வேற?" என்று கேட்டேன்.

"அது அங்ஙனயாக்கும். மேல பறக்கிறவங்கள்லயும் மேல கீழ உண்டு, கேட்டோ."

விமானத்தில் பறக்கிறவர்கள் எல்லாம் ஒரே ஜாதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ராத்தங்கல் வந்தால் ஹோட்டலுக்குப் போகப் பைலட்டுகளுக்குக் கார், மற்றவர்களுக்கு வேன். பைலட்டுக்குத் தனி அறை, மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக. ஒரே கதவு வழியாக இறங்கி, ஒன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். வெளிவாசலில் கார் ஒரு பக்கம், வேன் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள். யாரும் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

3. தாகம் இல்லாதவர்

எழுபதுகளின் நடுவில் பைலட்டுகளுக்குச் சம்பளம் கூடியது. வெளியூரில் தங்கும்போது கொடுக்கிற சாப்பாட்டுப் படியும் கூடியது. உபசரிக்கிறவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. மேத்யூ என்று ஒரு பர்சர், கோட்டயத்துக்காரர். விமானத்துக்குள் சாப்பாடு வைக்கும் பேன்ட்ரியில் நான் பெட்டி அடுக்கும்போது புலம்புவார்.

"ஒரே ஹோட்டல், ஒரே தோசை. அவங்களுக்கு ஒரு படி, எங்களுக்கு ஒரு படி. அவங்களுக்கு என்ன, ரெண்டு வயிறு உண்டோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். கொஞ்ச நாளில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். வேலையை நிறுத்துவதில்லை. பயணிகளுக்கு வேண்டியதைச் செய்வது. காக்பிட்டுக்கு மட்டும் ஒன்றும் கொண்டுபோவதில்லை. கிளம்பும் முன்பு ஏர் ஹோஸ்டஸ் கேப்டனுக்குச் சாயா கொடுப்பது வழக்கம். அது ரூல் புத்தகத்தில் எங்கேயும் இல்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி குறுப்பு சார் சிபாரிசு செய்திருந்தார். உங்கள் அம்மா மூத்தவள் ராஜத்தைச் சுமந்துகொண்டிருந்தாள். தினக்கூலிக்காரன் ஒரு நாள் படுத்தால் அந்த நாள் அடுப்பு எரிவது கஷ்டம். பெர்மனென்ட் ஆனால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி கொடுக்கும். நானும் அம்மாவும் ராத்திரி பேசுவதெல்லாம் அதுதான்.

அன்று மெட்ராஸ் விமானத்துக்கு வந்த கேப்டன் மெட்ராஸ்காரர், கண்டிப்பானவர். "டீ எங்கே?" என்று காக்பிட்டிலிருந்து கேட்டார். யாரும் கொண்டுபோகவில்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, விமானத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். குறுப்பு சார் ஓடினார். நான் அவர் பின்னால் ஃப்ளாஸ்க்கோடு ஓடினேன்.

கேப்டன் குரலை உயர்த்தவே இல்லை. "குறுப்பு, நான் டீக்காக உக்காந்திருக்கேன்னு நெனைக்காதீங்க. ஒரு கப் டீ கொண்டான்னு சொன்னா கேக்காத க்ரூ, மேல போய் நான் வேற ஒண்ணு சொன்னா கேக்குமா? இவங்கள நம்பி எப்படி டேக்-ஆஃப் பண்றது?"

மேத்யூ சார் வாசலில் நின்று சொன்னார்: "தீ பிடிச்சா சொல்லச் சொல்லுங்க, ஓடி வரோம். சாயா எமர்ஜென்சி அல்லல்லோ."

வசந்தா என்ற ஏர் ஹோஸ்டஸ், கோயம்புத்தூர்ப் பெண், என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கொடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. ஆனா எங்காளுக எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணீட்டாங்க."

குறுப்பு சார் என்னை ஏணிப் பக்கம் இழுத்தார். "எடா, நீ கொண்டுபோய்க் கொடு. ஃப்ளைட் போகலேன்னா மேனேஜர் என்னைக் கேப்பார். பின்ன உன் பெர்மனென்ட் காரியத்துக்கு நான் எந்த முகத்தோட போவேன்?"

நான் உள்ளே போனேன். மேத்யூ சார் வழியில் கையை நீட்டினார். "செல்லப்பா, நீயும் கூலிக்காரன், நானும் கூலிக்காரன். யூனிஃபார்ம் வேற, அவ்வளவுதான். நீ இதைக் கொண்டுபோனா எங்க சமரம், போராட்டம் எல்லாம் தீர்ந்தது."

நான் தலையைக் குனிந்துகொண்டு அவர் கைக்கு அடியில் நுழைந்து போனேன். ராஜம் பிறக்கப்போகிறாள் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது.

காக்பிட்டுக்குள் அன்றுதான் முதல் தடவை போனேன். சின்ன இடம். கேப்டன் திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"கேட்டரிங் லோடர் சார். சாயா கொண்டாந்திருக்கேன்."

"உன்கிட்ட நான் டீ கேட்டேனா?"

"இல்ல சார்."

"எனக்குத் தாகமே இல்லப்பா. அந்தப் பொண்ணு கொண்டுவரணும். அவ்வளவுதான்."

விமானம் நிறைய ஆட்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள். என் பிழைப்பு ஒரு ஃப்ளாஸ்க்கில் தொங்குகிறது. அவருக்கோ தாகமே இல்லை.

பக்கத்தில் இருந்த கோ-பைலட் சின்ன வயசுக்காரர். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டினார். கேப்டன் அவரைப் பார்த்தார்.

"கையை எடு. இன்னைக்கு இவன்கிட்ட வாங்கினேன்னா, நாளைக்கு நீயே போய் எடுத்துக்கன்னு சொல்லுவாங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஃப்ளாஸ்க்கோடு வெளியே வந்தேன். முன் வரிசையில் எங்கள் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயதானவர். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கே என்னைப் பார்த்திருக்கிறார்.

"எலேய், அது டீயா?"

"ஆமா முதலாளி. கேப்டனுக்குள்ளது."

"அவரு குடிக்கலியா?"

"தாகம் இல்லையாம்."

"எனக்கு இருக்குலே. ஊத்து."

குறுப்பு சாரைப் பார்த்தேன். அவர் கீழே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மேத்யூ சாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். ஊற்றினேன். கேப்டனுக்காகக் கொண்டுவந்த பீங்கான் கப்பில்தான் ஊற்றினேன். பக்கத்து சீட் அம்மா, "மோனே, கொஞ்சம் எனக்கும்" என்றார்கள். பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. வசந்தா பேப்பர் கப்புகளைக் கொண்டுவந்து நீட்டினாள். பிறகு அவளே தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஃப்ளாஸ்க் காலியானதும் முதலாளி எழுந்து நின்று காக்பிட்டைப் பார்த்துச் சொன்னார்: "கேப்டன் சார், டீ தீந்துபோச்சு. இனி சண்டை போட ஒண்ணுமில்ல. கிளம்பலாமா?"

விமானம் முழுக்கச் சிரிப்பு. காக்பிட் கதவு படீரென்று சாத்திக்கொண்டது. நான் ஏணியில் இறங்கித் தள்ளி நின்றேன். சற்று நேரத்தில் என்ஜின் ஓடியது.

குறுப்பு சார் என் தோளில் தட்டி, "நீ மிடுக்கன்டா, கெட்டிக்காரன்" என்றார். நான் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தேன்.

4. இரண்டு கையெழுத்து

சில நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் இங்கிலீஷில் ஒரு புகார். குறுப்பு சார் அர்த்தம் சொன்னார். லோடர் ஒருவன் காக்பிட்டுக்குள் நுழைந்தான், கேப்டனின் சாயாவை எடுத்துப் பயணிகளுக்குக் கொடுத்தான், க்ரூவைச் சிரிப்புக்கு ஆளாக்கினான்.

கீழே கேப்டனின் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே மேத்யூ சாரின் கையெழுத்து.

நான் அந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன். மேனேஜர் கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை. படியில் சேராத, தோசையில் சேராத, ஒரு கப் சாயாவில் சேராத இரண்டு பேரும் என் விஷயத்தில் ஒரே காகிதத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

பெர்மனென்ட் நின்றுபோயிற்று. குறுப்பு சார் மன்றாடியதால் தினக்கூலி மட்டும் தப்பியது. வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாள்: "தாகத்துக்குத்தானே கொடுத்தீங்க? திருடிட்டா வந்தீங்க?" அவள் பிரசவத்துக்குத் தோட்டை அடகு வைத்தோம்.

கேப்டனிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மேத்யூ சாரிடம் ஒரு நாள் பேன்ட்ரியில் கேட்டுவிட்டேன். "நீயும் கூலிக்காரன், நானும் கூலிக்காரன்னு சொன்னீங்களே சார்."

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்: "நீ செய்தது பாவம்னு நான் சொல்லல. ஆனா பேசஞ்சருக்குக் கொடுக்கிறது எங்க ஜோலி. அதை லோடர் செய்தா, பின்ன நீங்க எதுக்குன்னு நாளைக்கு ஆபீஸ்ல கேப்பாங்க. மனசிலாயோ?"

மனசிலாயிற்று. கேப்டன் கோ-பைலட்டிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே. அதுதான் என்னை உலுக்கியது. மோசமான ஆளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். மேத்யூ சார் நல்லவர். ராஜம் பிறந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்லவருக்கும் தன் படிக்குக் கீழே ஒருவன் நிற்க வேண்டியிருந்தது.

பிறகு மேத்யூ சார் ஆட்களுக்கும் படி கூடியது. அறிவிப்பு வந்த அன்று மாலையே வசந்தா காக்பிட்டுக்குச் சாயா கொண்டுபோனாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெர்மனென்ட் ஆனபோது ராஜம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மக்களே, சம்பளத்துக்காகச் சண்டை போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டிய இடத்தில் போட வேண்டும். போடும்போது யாருக்கு உண்மையில் தாகம் என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் நான் கற்றது.

கடைசியில் நானும் குறுப்பு சார் உட்கார்ந்த நாற்காலியில் சூப்பர்வைசராக உட்கார்ந்தேன். அந்த மேசைக்குச் சாயா தானாக வரும், அதுதான் வழக்கம். ஓய்வு பெறும்வரை நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் தங்கமான மனுஷன் என்றார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, பயம்தான் காரணம். ஒரு நாள் அது வராமல் போனால் நானும் விமானத்தை நிறுத்திவிடுவேனோ என்ற பயம்.